குழிக்குப் போன கோழிகள் இட்ட முட்டை

காய்ச்சல் கண்ட பண்ணைக் கோழிகளையெல்லாம் கொன்று குழியில் போட்டு, சுண்ணாம்பைக் கொட்டி, அதற்கு மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போன பிறகும் சித்தங்காட்டுப்புதூரில் முட்டை நிற்கவில்லை. வெள்ளைக் கவச உடை மாட்டிக்கொண்டு வந்த ஆட்கள் அதே உடையோடு லாரி ஏறிப் போனார்கள், தீவன மெஷின்கள் நின்றன, நீளமான கொட்டகைகளின் கம்பிக் கூண்டுகளுக்குள் காற்று மட்டும் போய்ப் போய் வந்தது, எந்நேரமும் ஊரை மூடிக்கொண்டிருந்த கொக்கரிப்பு அடங்கியதில் ஊர்க்காரர்களுக்குக் காது வலித்தது; அப்படி ஒரு கோழிகூட மிச்சமில்லாத ஊரில், மறுநாள் விடிந்ததும், பஸ் நிறுத்தத்துக் குழாயின் தலைமேல் வெதுவெதுப்பாக ஒரு முட்டை இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த முதல் பெண் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தை வைத்தாள்.

ஆச்சரியப்படுவதற்கு அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை. முட்டையில் பிறந்து முட்டையில் வளர்ந்து முட்டை லாரியிலேயே கல்யாணச் சீர் கொண்டுபோன ஊர் அது. வயிற்றுக்குள் உருவாகிவிட்ட முட்டை எப்படியாவது வெளியே வந்துதானே தீரும், கொட்டகையில் போட முடியாததை அதுகள் ஊருக்குள் கொண்டுவந்து போடுகின்றன, பாவம் என்று டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் பல் விளக்குகிற மாதிரி முட்டை தேடுவதும் ஒரு வேலையாயிற்று. கறிக்கடைத் தராசுத் தட்டில் ஒன்று கிடைத்தது. தீவன லாரியின் டிரைவர் சீட்டில் ஒன்று. மொபெட்டில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற கம்பியின்மேல், விழாமல் நின்றபடி ஒன்று. பால்வாடிக் குழந்தைகள் கை கழுவுகிற வாளியில் மிதந்தபடி ஒன்று, கோயில் தாம்பாளத்தில் திருநீற்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஓரிடத்தில் ஒருமுறை விழுந்தால் மறுபடி அங்கே விழாது, அடுத்த நாள் வேறிடம் பார்க்க வேண்டும்.

சண்டை வந்தது. பொதுச்சுவரின்மேல் கிடந்த ஒரு முட்டைக்காக இரண்டு வீட்டார் மண்டையை உடைத்துக்கொள்ளப் போக, பஞ்சாயத்துக் கூடிச் சட்டம் போட்டது. எதன்மேல் விழுகிறதோ அதன் சொந்தக்காரருக்கே முட்டை, பஸ் சீட்டில் விழுந்தால் கண்டக்டருக்கு, மனிதர்மேல் விழுந்தால் அந்த மனிதருக்கு. காய்ச்சலில் படுத்து எழுந்திருந்த ஒரு டிரைவரின் தலையணையில் விழுந்தபோது, நோவுபட்ட உடம்புக்கு மாரியாத்தா அனுப்பினது என்று அவன் பெண்டாட்டி அதை அவித்தே கொடுத்தாள். கோழி இல்லாமல் விழுகிற முட்டைக்குத் தீவனச் செலவு இல்லை, மருந்துச் செலவு இல்லை, கரண்டுச் செலவு இல்லை. பண்ணை முதலாளி சென்னியப்பன் ஊர் முழுக்க ஆள் விட்டு அவற்றை வாங்கி, தன் பண்ணை அட்டைகளில் அடுக்கி, தன் பண்ணைச் சீட்டை ஒட்டி வெளியூருக்கு அனுப்பினார். அட்டையில் ஏறிவிட்ட பிறகு எந்த முட்டை குழாயடியில் கிடந்தது, எந்த முட்டை பால்வாடியில் கிடந்தது என்று பெற்ற கோழிக்கும் தெரியாது. அதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது.

அந்த ஊரில் ஒரே ஒரு முட்டை மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அது பாவாயி வீட்டு வாசலோரத்தில், துணி துவைக்கிற கல்லின்மேல்.

பாவாயி சென்னியப்பன் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதே வேலை. கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கிற முட்டையைக் கண் பார்ப்பதற்கு முன்பே அவள் கை எடுத்துவிடும், அட்டையில் வைத்துவிடும், அடுத்ததற்குப் போய்விடும். புதூரில் எல்லாருக்கும் கை அப்படித்தான். வழியில் முட்டை கிடந்து அதைத் தாண்டிப் போன ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை. அதனால் அன்று காலையில் கல்லின்மேல் அதைப் பார்த்ததும் பாவாயியின் கையும் தானாகவே போயிற்று. போன கை, கல்லைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. அந்தக் கல்லின்மேல் வைத்துத்தான் அவள் மகள் கௌசிகா நோம்பித் திருவிழாவுக்கு வந்த கோழியை உரித்தாள்.

கௌசிகா பண்ணைப் பக்கமே போகாதவள். கோழி நாற்றம் ஆகாது என்று தையல் படித்து, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள், அடுத்த தையில் கல்யாணம் என்று பேசியிருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு முந்தின வாரம் பண்ணையின் கடைசிக் கொட்டகையில் கோழிகள் கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, ஓடில்லாத தோல்முட்டையாகப் போட ஆரம்பித்தன. பாவாயி கேட்டதற்கு, “வெயிலுக்கு அப்படித்தான் அக்கா இருக்கும்” என்றான் சூப்பர்வைசர் மாதேஸ். கெட்டால் முழுக் கொட்டகையும் நட்டம், அதற்குள் கழித்துவிட்டால் புண்ணியமாவது மிஞ்சும் என்று சென்னியப்பன் ஒரு கணக்குப் போட்டார். ஒருநாளும் ஒரு முட்டைகூடச் சும்மா கொடுக்காத மனிதர், அந்த வருஷம் நோம்பிக்கு வேலைக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் உயிர்க்கோழி ஒன்று கொடுத்தனுப்பினார். மாதேஸ் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தான். மகராசன் என்று ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. பாவாயி நோம்பிக்கும் பண்ணைக்கு வேலைக்குப் போயிருந்ததால், கௌசிகாதான் கோழியை அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, அந்தக் கல்லில் வைத்து இறகு பிய்த்துச் சுத்தம் செய்தாள்.

நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, அதற்கடுத்து மூச்சு வாங்கியது. மாதேஸ்தான் பண்ணை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், எவ்வளவு நல்ல பையன் என்று பாவாயி அதற்கும் கும்பிட்டாள். உள்ளே டாக்டர், “கோழி கீழி தொட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார். கௌசிகாவுக்கு வாயில் மாஸ்க், பேச முடியாது. பாவாயியைத் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வாங்கி வரச் சொல்லி மாதேஸ் வெளியே அனுப்பியிருந்தான். “இல்லீங்க டாக்டர், இந்தப் பொண்ணு தையக்காரி, கோழியத் தொட்டதே இல்லீங்க” என்று அவனே பதில் சொன்னான். கோழிக்காய்ச்சலுக்கு என்று ஒரு மருந்து அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது, பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. கோழி தொடாதவர்களுக்கு அது கொடுப்பதில்லை. பாவாயி ரொட்டியோடு திரும்பி வந்தாள், அந்த ரொட்டியைத் தின்ன ஆள் இல்லாமல் போயிற்று. எரித்து வந்த பிறகுதான் அங்கே வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தி துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், “உங்க ஆளுதானுங்களே கோழியே தொடலைன்னு சொன்னாரு” என்று வெள்ளந்தியாகச் சொன்னாள்.

அதைக் கேட்ட நிமிஷத்தில் பாவாயியின் அழுகை நின்றது. நின்ற அழுகை பிறகு வரவேயில்லை. வயிற்றில் இருந்ததெல்லாம் எரிச்சல்தான், சோறு போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காத எரிச்சல். மகள் போனாள், போனவள் எதில் போனாள் என்று ஒருவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதை அந்த ஊரில் ஒரு வாயும் சொல்லவில்லை. கோழிகளைக் கொன்று மூடியபோது, ‘மனிதருக்குத் தொற்று இல்லை’ என்று பேப்பரில் வந்ததை டீக்கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆகவே கல்லின்மேல் முட்டையைப் பார்த்தபோது பாவாயி கையை இழுத்துக்கொண்டாள், உள்ளே போய் மூங்கில் கூடையை எடுத்து வந்தாள், முட்டையின்மேல் கவிழ்த்தாள், கூடையின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் எஸ்தர் வந்தாள். கால்நடை டாக்டருக்குப் படித்து, கோழியிடமிருந்து மனிதனுக்குக் காய்ச்சல் எந்த வழியாக வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய, நாகர்கோவிலில் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண். ஐஸ் பெட்டியும் பஞ்சுக் குச்சியுமாகக் குழாயைத் துடைத்தாள், தராசைத் துடைத்தாள், லாரி சீட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு ஒன்று விளங்கிற்று. காய்ச்சல் எங்கெங்கே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதோ, சரியாக அங்கங்கேதான் முட்டை விழுந்திருக்கிறது. அவள் மற்ற ஊர்களில் வருஷக்கணக்காகத் தேடி அலைகிற வழியை, இங்கே செத்த கோழிகளே வந்து வீடுவீடாக, படிப்படியாகக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஊர் அதைப் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தது.

டீக்கடையில் போய்ச் சொன்னாள். “முட்டை எங்க கெடக்கோ அங்கேயே கெடக்கட்டும். யாரும் எடுக்காதீங்க. கெடக்கிற இடம்தான் எனக்கு வேணும்.”

“ஏனுங் அம்மணி, முட்டையக் கெடக்கவுடச் சொல்றீங்களே, உங்க ஊர்ல சோறு திங்கறவங்கதானுங்களா?” என்றார் டீக்கடைக்காரர். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மறுநாள் அவள் விடியுமுன்பே எழுந்து போய் முட்டை கிடந்த இடங்களைச் சுற்றி சாக்பீசால் வட்டம் போட்டாள். அது ஊர்க்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று, வட்டத்தைப் பார்த்து வந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊரின் கைகள்மேல் எஸ்தருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர்மேல் வந்த கோபம் ஊருக்கு உறைக்காது என்று தெரிந்தபோது நடுத்தெருவில் நின்று ஐஸ் பெட்டியைக் காலால் ஓர் உதை விட்டாள், பிறகு நொண்டிக்கொண்டே கடைசி வீட்டுக்குப் போனாள். அங்கே கூடை கவிழ்ந்திருந்தது.

“எடுக்கலியாக்கா?” என்றாள், நம்ப முடியாமல்.

“எடுப்பனுங்களா? என்ற புள்ள உசுரு போன எடம் அது.” பாவாயி அவளை உட்காரச் சொல்லவில்லை. “நீங்க படிச்சவங்கதானுங்களே டாக்டரம்மா. என்ற புள்ளைக்கு வந்தது கோழிக்காய்ச்சல்தான்னு வாயத் தொறந்து சொல்லுங்க பாக்கலாம்.”

எஸ்தர் கல்லைப் பார்த்தாள், பாவாயியைப் பார்த்தாள். “எனக்குத் தெரியுது. ஆனா நான் சொன்னா செல்லாதுக்கா. உயிரோட இருந்தப்ப அவ தொண்டையில ஒரு பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து வச்சிருக்கணும். எடுக்கல. எரிச்சாச்சு. எடுக்காதவங்களுக்கு நோயே வரலைன்னுதான் மேல எழுதுவாங்க.”

“அப்பறம் எதுக்கு வந்தீங்க?”

“இதுக்குத்தான்” என்று எஸ்தர் கூடையைக் காட்டினாள். “இது ஒண்ணுதான் மிச்சம். என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. விட்டு வச்சா என்ன ஆகும்னு பாக்கிறதுக்கு ஒரு முட்டையாவது இந்த ஊர்ல விட்டு வச்சிருக்காங்களா?”

அன்று முதல் அவள் பாவாயி வீட்டிலேயே தங்கினாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கோபம் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் இருந்ததால் பேச்சுக்குத் தேவையிருக்கவில்லை.

சென்னியப்பனுக்குச் செய்தி போனது. புதுக் குஞ்சுகளுக்கு அவர் முன்பணம் கட்டியிருந்தார். மனிதருக்குத் தொற்று இல்லை என்று பேப்பரில் வந்தது போதாது, மேலிடத்திலும் முடிவாகாமல் குஞ்சு ஏற்றிய வண்டி ஊருக்குள் வர முடியாது, அந்த முட்டையோடு எஸ்தர் உட்கார்ந்திருக்கிறவரை அது முடிவாகாது. கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, குரலில் அத்தனை வாஞ்சை.

“பாவாயி, உன்ற துக்கம் எங்க துக்கம். அந்தப் புள்ள எனக்கும் மகதான். ஆனா ஒரு முட்டைய வச்சுட்டு நீ ஊரையே பட்டினி போடறது நாயமா? இத்தன குடும்பத்துக்கு வேலையில்ல. அத எடுத்துப்போடு, எல்லாம் சரியாப் போயிரும்.”

பாவாயி எழுந்து நின்றாள். “எடுத்துப்போடறனுங்க மொதலாளி. நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நோவு வந்த கோழியத்தான் நோம்பிக்குக் குடுத்தேன்னு ஆத்தா முன்னால சொல்லுங்க. அந்த முட்டைய நானே எடுத்து உங்க கையில குடுத்துட்டுப் போறேன்.”

சென்னியப்பன் சுற்றிப் பார்த்தார், சிரித்தார். “ஆசையாக் குடுத்த கோழிய நோவுக் கோழின்னு சொல்றாளே, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றார். அவர் கொடுத்த கோழியைத் தின்று, காய்ச்சலில் விழுந்து, எப்படியோ பிழைத்து எழுந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாங்க ஆமாங்க என்றார்கள். உப்புப் போட்டுச் சோறு தின்கிற கூட்டமா இது என்று பாவாயி சத்தமாகவே கேட்டாள். அதற்கும் யாரும் நிமிரவில்லை.

மறுநாளிலிருந்து பால்காரர் அவள் வீட்டைத் தாண்டிப் போனார். மளிகைக் கடையில் அவள் கேட்டதெல்லாம் தீர்ந்து போயிருந்தது. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. எஸ்தரின் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, சும்மா ஊரைக் கிளப்பாமல் கிளம்பி வரச் சொன்னார். “கிளம்புறேன் சார், முட்டை என்ன ஆகுதுன்னு பாத்துட்டு” என்று போனை வைத்தாள். இருவரும் எஸ்தர் வெளியூரிலிருந்து வாங்கி வந்த அரிசியைக் கஞ்சி வைத்துக் குடித்தார்கள். பகல் முழுக்க பாவாயி கல்லுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் நேராகப் பார்த்தாள். ஒருவராலும் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

பண்ணை முட்டை பொரிக்காது என்பது புதூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சேவலே பார்க்காத கோழிகள் இடுகிற முட்டை, வாரக்கணக்கில் வைத்தாலும் அழுகும், குஞ்சு வராது. ஆனால் ஒரு கோழி அடைகாத்து எழுந்திருக்கிற காலம் கழிந்த அன்று, நல்ல வெயில் ஏறிய பிறகு, கூடைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. பாவாயி கல்லை இறக்கிக் கூடையைத் தூக்கினாள். ஓட்டுக்கு நடுவில், ஈரம் காய்ந்துகொண்டு, மஞ்சளாக ஒரு குஞ்சு நின்றது. அது தாயைத் தேடவில்லை, தீனியைத் தேடவில்லை, துவைகல்லிலிருந்து தொப்பென்று குதித்து நடக்க ஆரம்பித்தது.

“தொடாதீங்கக்கா” என்றாள் எஸ்தர், அவசரமாக மாஸ்க்கை மாட்டிக்கொண்டு. “அது வந்த வழியே போகுது. பின்னாலயே போவோம்.”

குஞ்சு முதலில் வாசற்படிக்குப் போய், மாதேஸ் வண்டியை நிறுத்திக் கோழியைக் கொடுத்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தெருவில் இறங்கியது. குழாயடியைத் தாண்டியது, குடங்கள் அப்படியே நின்றன, பெண்கள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். டீக்கடையைத் தாண்டியது, பெஞ்சு காலியாயிற்று. கறிக்கடை, பால்வாடி, கோயில் என்று அது கால் மாற்றிக் கால் மாற்றி நடக்க நடக்கப் பின்னால் ஊரே நடந்தது. நடக்கிறபோதே ஒவ்வொருவருக்கும் தாங்கள் எடுத்து விற்ற முட்டை நினைவுக்கு வந்தது, அதுவும் விட்டு வைத்திருந்தால் இப்படித்தான் எழுந்து நடந்திருக்கும் என்பது உறைத்தது. பால்வாடியில் படித்த ஒரு குழந்தை நோம்பிக்கு அப்புறம் மூச்சு முட்டிச் செத்திருந்தது. அதன் அம்மா கூட்டத்துக்கு நடுவே நின்று, “வாளியில இருந்தத எடுத்து வித்துப்போட்டனே, வித்துப்போட்டனே” என்று மாரில் அடித்துக்கொண்டாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, எல்லாருக்கும் அவரவர் முட்டை இருந்தது.

பண்ணை கேட்டில் காலை நனைக்கிற மருந்துத் தொட்டியைக் குஞ்சு ஓரமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. கடைசிக் கொட்டகைக்குத்தான் போகும் என்று எல்லாரும் நினைத்தார்கள், எஸ்தரும் அப்படித்தான் நினைத்தாள். குஞ்சு கொட்டகைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நேராக ஆபீஸ் அறைப் படி ஏறி, நாற்காலிக் குறுக்குச் சட்டத்தில் தாவி, அங்கிருந்து மேசைக்குத் தாவி, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனின் வலது கைக்குப் பக்கத்தில் போய் நின்று, இறக்கையைச் சிலிர்த்து உட்கார்ந்துகொண்டது.

“கொட்டகையிலேருந்து வந்துச்சுன்னுதான் நான் எழுதியிருப்பேன்” என்றாள் எஸ்தர், ஊருக்கே கேட்கும்படி. “இங்கேருந்துதான் வந்திருக்கு.”

சென்னியப்பன் வாசலை அடைத்து நின்ற முகங்களைப் பார்த்தார். அத்தனை முகங்களும் முதல்முறையாக நிமிர்ந்திருந்தன. அவர் வாழ்நாள் முழுக்கக் கோழியோடு இருந்தவர், கை என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். குஞ்சை எடுத்தார், கழுத்தை ஒரு திருகுத் திருகினார், குப்பைக் கூடையில் போட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“சோலியப் பாத்துட்டுப் போங்க” என்றார்.

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க சார். காய்ச்சல் வந்தா உடனே எனக்குச் சொல்லுங்க” என்றாள் எஸ்தர். அவர் சிரித்தார். அந்தக் கையாலேயே டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார்.

மறுநாளிலிருந்து புதூரில் ஒரு முட்டையும் விழவில்லை. ஊர்க்காரர்கள் குழாயடியிலும் தராசிலும் வாளியிலும் தேடினார்கள், இந்த முறை தொடாமல் விட்டு வைப்பதற்காகவே தேடினார்கள். ஒன்றும் இல்லை. விழ வேண்டியவையெல்லாம் விழுந்து, விற்று, யார் யார் வயிற்றிலோ போய் முடிந்திருந்தன.

அப்புறம் ஒன்றே ஒன்று விழுந்தது. சென்னியப்பனின் ஆபீஸ் மேசைமேல், காபி டம்ளருக்குப் பக்கத்தில். “எடுத்து அக்கட்டால வீசு” என்றார் அவர் மாதேஸிடம். மாதேஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பொறுக்குகிற பெண்களைக் கூப்பிட்டார். வந்தார்கள், வரிசையாக நின்றார்கள், முட்டையைப் பார்த்தார்கள், ஒரு கையும் நீளவில்லை. அவர் தானே எடுக்கப் போனார், அவராலும் எடுக்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது, மறுநாள் மூச்சு வாங்கியது.

எஸ்தர்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். அந்த ஆளைப் பிழைக்க வைப்பதற்காகப் போன் போட்ட தன் கையைக் கடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் போட்டாள், மருந்தையும் எடுத்து வரச் சொன்னாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தபோது பண்ணை முற்றத்தில் ஊரே நின்றது, முன்னால் பாவாயி நின்றாள். கூட வந்த டாக்டர் குனிந்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“கோழி ஏதாவது தொட்டீங்களா?”

“தொட்டனுங்க” என்றார் சென்னியப்பன். மூச்சு இழுத்தது, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. “கோழிக்காய்ச்சல்தானுங்க. என்ற பண்ணைக் கோழிக்கு நோவு வந்துச்சுங்க, தெரிஞ்சுதான் நோம்பிக்குக் குடுத்தனுங்க, அதுல செத்த புள்ளைக்கும் அதேதானுங்க, எல்லாம் அதேதான். அந்த மருந்தக் குடுங்க டாக்டர், சுருக்காக் குடுங்க.”

பாவாயி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். அடிக்கப் போகிறாள் என்று மாதேஸ் பதறினான். அவள் அடிக்கவில்லை.

“இத்தன சுருக்காச் சொல்லிப்போட முடியுமுங்களா மொதலாளி” என்றாள். “ஒரு மூச்சுல சொல்லிப்போட்டீங்களே. என்ற புள்ளைக்கும் அந்த ஒரு மூச்சுதானுங்க வேண்டியிருந்துச்சு.”

நல்ல மருந்து அது. சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். அலமாரியில் இருந்த அதே மருந்து, அதே மாத்திரை, வேளைக்கு வேளை விழுங்கி, எண்ணி ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார் என்று செய்தி வந்தபோது பாவாயியின் வயிற்றெரிச்சல் தலைவரைக்கும் ஏறியது. அவள் உள்ளே போய் மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டாள். தெரு வழியே நடந்து, மருந்துத் தொட்டியைச் சுற்றி, ஆபீஸ் படி ஏறி, மேசைமேல் இருந்த முட்டையின்மேல் அதைக் கவிழ்த்தாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பால்வாடிக் குழந்தையின் அம்மா வந்து தரையில் உட்கார்ந்தாள், பொறுக்குகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், டீக்கடைக்காரர் வந்து வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த சென்னியப்பன் படியேறியபோது அவர்கள் அப்படியே இருந்தார்கள். அவர் கூடையைப் பார்த்தார், தன் நாற்காலியைப் பார்த்தார்.

“வாங்க மொதலாளி” என்றாள் பாவாயி, எழுந்திருக்காமல். “இப்படி ஓரமா உக்காருங்க. பொரிக்கட்டும், எங்க போய் நிக்குதுன்னு எல்லாருமாப் பாக்கலாம்.”